கீழாநெல்லிக்குச் சான்று எங்கே?



தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நெடுங்காலமாகக் கப்பலேறிவரும் பொருள்களுள் எளிய இலையொன்று உண்டு. நம் தென்பாண்டி நிலத்தின் வானம் பார்த்த காடுகளில் விளையும் நிலவாகை என்பதே அது. அரபு நாட்டிலிருந்து வந்த செடியாயினும், 19ஆம் நூற்றாண்டு தொட்டு இங்குப் பயிராகி, மேலைநாட்டு மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்று நம் ஊர்ப்பெயரோடே இடம்பெற்றுவிட்டது. மலக்கட்டு நீங்க நம் வீட்டு மூதாட்டியர் இவ்விலையை இரவில் ஊறவைத்து விடியலில் கொடுப்பர். மேலைநாட்டாரோ இலையை வாங்கிச் சென்றதோடு நிற்கவில்லை. அதனுள் எப்பொருள் வேலை செய்கின்றது என்று துருவினர். 1941இல் சென்னோசைடு என்னும் வேதிப்பொருள்களைத் தனித்துப் பிரித்தெடுத்தனர். எத்துணை அளவு கொடுத்தால் போதும், எவர்க்குக் கொடுத்தல் ஆகாது, எத்தனை நாளைக்குமேல் கொடுத்தல் தீது என்பனவெல்லாம் வரையறுக்கப்பெற்றன. உலக நலவாழ்வு அமைப்பு வகுத்துள்ள இன்றியமையா மருந்துப் பட்டியலில் இன்று நிலவாகைக்கும் இடம் உண்டு.

இதனைப் படிக்கும் அன்பர் சிலர், "நம் இலையைக் கொண்டுபோய் நமக்கே மாத்திரையாக்கி விற்கின்றான் பார்!" என்று சினங்கொள்வர். அச்சினம் நேரியதே. ஆனால் சினத்தோடு நின்றுவிட்டால் யாது பயன்? அவன் செய்த வேலையை நாம் ஏன் செய்யவில்லை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாவா? அவ்வாறு கேளாமையால் யான் செய்த பிழையொன்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கடல்தொழில் செய்யும் அன்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் என்னிடம் தமிழ் பயின்றவன். அவர்தம் கண்கள் மஞ்சளித்திருந்தன, உடல் மெலிந்திருந்தது. மருத்துவமனைக்குச் சென்றால் குருதி ஆய்வுக்கே ஒருநாட் தொழில் கெடும் என்றார். நாட்டு மருந்து கொடுப்பவர் ஒருவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து உண்ணுமாறும், உப்பும் புளியும் தள்ளிப் பத்தியம் காக்குமாறும் சொல்லியிருந்தார். "ஐயா, கீழாநெல்லி கேக்குமா, கேக்காதா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க" என்று அவர் என்னைக் கேட்டார்.

யான் மருத்துவன் அல்லன், இலக்கணம் கற்பிப்பவன். தெரியாது என்று சொல்லியிருத்தல் வேண்டும். ஆனால் சித்தர் மருத்துவத்தின் சிறப்பை அதற்கு முந்திய கிழமைதான் ஒரு மேடையில் முழங்கிவிட்டு வந்திருந்தேன். "கேட்கும், நம் முன்னோர் சொன்னது பொய்க்காது" என்றேன். அவர் நிறைவோடு சென்றார். நான்கு திங்கள் கழித்து வயிற்றில் நீர் கோத்த நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். 'பி' வகை ஈரலழற்சி நச்சுயிரி பல்லாண்டுகளாக அவர் உடலில் இருந்திருக்கின்றது, ஈரல் இறுகிவிட்டது. அவர் பிழைக்கவில்லை. முன்பே சென்றிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அவர் செல்லாமைக்கு என் சொல்லும் ஒரு கரணியம் என்பதை யான் மறுக்க இயலாது.

சென்னையில் நடந்த ஆய்வு

அதன் பின்னரே கீழாநெல்லியைப் பற்றி அறிவியலார் யாது கண்டனர் என்று தேடிப் படிக்கலானேன். படித்தது அனைத்தும் ஆங்கிலத்தில். ஒரு பக்கத்துக்கு இருமுறை அகரமுதலியைப் புரட்ட வேண்டியிருந்தது. அங்கே கண்ட செய்தி, தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எசு.பி. தியாகராசன் குழுவினர், 'பி' வகை நச்சுயிரியைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளூம்பெர்கு என்பாரோடு இணைந்து, கீழாநெல்லியை முறைப்படி ஆய்ந்தனர். அந் நச்சுயிரியை உடலில் தாங்கியிருந்தவர்களுள் ஒரு சாரார்க்குக் கீழாநெல்லித் தூளும், மற்றொரு சாரார்க்கு மருந்தில்லாப் போலிப் பொதியும் 30 நாள் கொடுக்கப்பெற்றன. மருந்துண்ட 37 பேருள் 22 பேருடைய குருதியில் நச்சுயிரியின் மேற்புற அடையாளம் மறைந்திருந்தது. போலிப் பொதி உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்திருந்தது. இலண்டனிலிருந்து வரும் 'இலான்செட்டு' என்னும் மருத்துவ இதழ் 1988இல் இம் முடிவை வெளியிட்டது. நம் வேலியோரப் பச்சிலையின் பெயர் உலகெங்கும் பரவிற்று. அதற்கு முன்னரே, 1987இல், புளூம்பெர்கு பணியாற்றிய பிலடெல்பியாப் புற்றுநோய் நடுவம் இச் செடியினத்தினின்று செய்யும் ஈரலழற்சி மருந்துக்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றுவிட்டது.

இதுவரை சொன்னதை நம் மேடைகளில் முழங்கலாம், முழங்கியும் இருக்கின்றோம். பின்பாதியை எவரும் முழங்குவதில்லை. தாய்லாந்தில் இதே வகை ஆய்வு நடந்தது. 1990இல் வெளிவந்த முடிவு, பயனில்லை என்பது. 1994இல் நியூசிலாந்திலிருந்து வந்த முடிவும் அஃதே. பலநாட்டு ஆய்வுகளைத் திரட்டி நிறுத்துப் பார்க்கும் கொக்கிரேன் அமைப்பினர் 2011இல், போலிப் பொதியினும் இச் செடியினம் மிகுதியான பயன் தருகின்றது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று எழுதினர்.

ஏன் இந்த முரண்? சென்னை ஆய்வினரே தம் ஆய்வு தொடக்கநிலை ஆய்வு என்றுதான் எழுதியிருந்தனர். அறுபது பேர் என்பது சிறு தொகை. தற்செயலும் அதில் விளையாடும். செடியிலும் ஐயம் உண்டு. நம் நாட்டுக் கீழாநெல்லியை நெடுங்காலம் 'பில்லாந்தசு நிரூரி' என்றே எழுதிவந்தனர். அப்பெயர்க்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தது. நம் செடி 'பில்லாந்தசு அமாரசு' முதலிய வேறு இனங்களைச் சார்ந்தது என்று செடியியலார் பின்னரே தெளிவுறுத்தினர். மண்ணும் பறிக்கும் பருவமும் மாறினால் இலையின் வேதிப்பொருளும் மாறக்கூடும். இவற்றுள் எது உண்மைக் கரணியம்? இவ் வினாவை எடுத்துத் தீர்த்துவைக்கும் கடமை தாய்லாந்துக்கும் நியூசிலாந்துக்கும் உரியதா? கீழாநெல்லி என்று பெயரிட்ட நமக்கு உரியதா?

போலிப் பொதி எதற்கு?

"மருந்தில்லாப் பொதியைக் கொடுத்து நோயாளரை ஏய்ப்பது என்ன அறம்?" என்று அன்பர் ஒருவர் என்னிடம் வெகுண்டு கேட்டார். பொதி மாறக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லி, இசைவு பெற்ற பின்னரே இத்தகைய ஆய்வு நடத்தப்பெறுதல் வேண்டும் என்பது இன்றைய விதி. அதன் தேவையை மஞ்சட்காமாலையே விளக்கும்.

கண் மஞ்சளிப்பது ஒன்று. அதற்குரிய நோய்கள் பல. 'ஏ' வகை நச்சுயிரியால் வரும் காமாலை பெரும்பாலார்க்குச் சில கிழமைகளில் தானே நீங்கும். அக்கிழமைகளில் கீழாநெல்லி உண்டவரும் தேறுவர். வெறும் மோர் குடித்தவரும் தேறுவர். தேறியவர் தாம் உண்டதையே மருந்தெனப் போற்றுவர். பித்தக்கல் குழாயை அடைத்தாலும் காமாலை வரும்; அதனைப் பச்சிலை திறந்துவிடாது. 'பி' வகை நச்சுயிரியோ சிலர் உடலில் ஓசையின்றித் தங்கி, ஆண்டுக்கணக்கில் ஈரலை அரிக்கும். ஆகவே, நூறுபேர் தேறினர் என்னும் கணக்கு மட்டும் போதாது. மருந்து உண்ணாதிருந்தால் அந் நூற்றுவருள் எத்தனை பேர் தேறியிருப்பர் என்னும் கணக்கும் வேண்டும். அதற்காகவே இரண்டாம் சாரார்.

2020இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது நம் தெருக்களில் கபசுரக் குடிநீர் காய்ச்சி வழங்கினோம். யானும் அகப்பை பிடித்தேன். குடித்தோர் எத்தனை பேர், குடியாதோர் எத்தனை பேர், இரு சாராருள்ளும் நோயுற்றோர் எத்தனை பேர் என்று நம் தெருவிலேனும் ஒரு சுவடியில் குறித்துவைத்தோமா? இல்லை. வழங்கியதைப் படம் பிடித்துவைத்தோம்.

அளத்தல் நம் மரபே

"அளப்பதும் ஆய்வதும் வெள்ளையன் வழக்கம்; பட்டறிவால் கண்ட நம் முன்னோர்க்கு அவன் சான்றிதழ் எதற்கு?" என்பார் நம்முள் உண்டு. இக் கடற்கரையில் பிறந்தவர் எவரும் அவ்வாறு பேசலாகாது. 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பை நினைந்து பாருங்கள். கடலடிப் பார்களை முதலில் ஆராய்வர். பதம் பார்க்கச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றினின்று கிடைக்கும் முத்தை மதிப்பிடுவர். அதன் பின்னரே அவ்வாண்டு குளிப்பு நடத்தலாமா ஆகாதா என்று முடிவு செய்வர். எடுத்த முத்தைத் துளையளவு வேறுபட்ட தட்டுகளில் சலித்துப் பிரிப்பர், மஞ்சாடியிட்டு நிறுப்பர், உருட்சியும் ஒளியும் நோக்குவர். பாட்டன் சொன்னான் என்பதற்காக எந்த வணிகரும் ஒரு முத்தை நிறுக்காமல் வாங்கியதில்லை. முத்துக்கு வேண்டிய அளவுகோல் உயிர் காக்கும் மருந்துக்கு வேண்டாவா? நோயாளியையும் நோயின் மிகுதி குறைவையும் பருவத்தையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்க என்று திருவள்ளுவர் பணித்ததும் இவ்வளவையைத்தானே?

சீனரைப் பாருங்கள். முறைக்காய்ச்சலுக்கு மருந்து தேடும் பணியில் 1969இல் சேர்ந்த தூ யூயூ என்னும் அம்மையார், பழஞ்சீன மருத்துவ ஏடுகளைத் துருவினார். மாசிபத்திரி இனத்துப் பச்சிலையொன்றை அவர்கள் காய்ச்சி வடித்தபோது பயன் நிலையாகக் கிடைக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றோ, அதனைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு சொல்லியிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கின்றது என்று அவர் உய்த்துணர்ந்து, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். விலங்குகளிலும் மாந்தரிலும் ஆய்ந்து நிறுவினார். அவ்வாறு கண்ட ஆர்ட்டெமிசினின் இன்று முறைக்காய்ச்சல் மருந்துகளுள் முதன்மையானது. 2015இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டைப் பிழையறப் படித்தலும் புதிய அளவுகோலால் அளத்தலும் அங்கே ஒருவர் கையிலேயே கூடின. நம் நாட்டில் சுவடி படிக்கத் தெரிந்தவர் ஒருபுறமும் அளக்கத் தெரிந்தவர் மறுபுறமும் நின்று ஒருவரையொருவர் எள்ளி நகையாடுகின்றனர்.

மாத்திரை வழிபாடு

பச்சிலையைக் கண்டு நகைக்கும் படித்த கூட்டம் மருந்துக் கடையில் யாது செய்கின்றது? களைப்பா, ஓர் உயிர்ச்சத்து மாத்திரை. முடி உதிர்கின்றதா, மற்றொன்று. வைட்டமின் என்னும் ஆங்கிலப் பெயர் இருந்தால் சான்று கேளாமல் விழுங்குதலும், சித்தர் பெயர் இருந்தால் சான்று கேளாமல் விழுங்குதலும் ஒரே மடமையின் இரு கிளைகளே.

உயிர்ச்சத்தின் வரலாறு நமக்கு அயலானதன்று. சாவகத் தீவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு நீங்கா அரிசியால் தேறியதையும் 1890களில் எய்க்குமன் கண்டார். 1912இல் காசிமிர் பங்கு 'வைட்டமின்' என்னும் பெயரை அமைத்தார். நம் குன்னூரில் மெக்காரிசன் நிறுவிய ஊட்டவியல் ஆய்வகத்தில், எய்க்கிராய்டு தலைமையிலான குழுவினர் அரிசியை ஆய்ந்தனர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகின்றது. பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகின்றது. புழுங்கலரிசி உண்டோரைப் பெரிபெரி நோய் பெரும்பாலும் அண்டாமைக்கு இதுவே கரணியம். நம் அன்னையர் வழிவழிச் செய்த ஒரு செயல் அளவுகோலில் வென்ற கதை இது. பொங்கல் விழாவில் இதனை எத்தனை பேர் சொல்கின்றோம்?

அளந்து பார்த்தால் உயிர்ச்சத்தின் எல்லையும் தெரிகின்றது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் மதுரை அரவிந்து கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள், பள்ளிக்குச் செல்லும் பருவம் எய்தாத 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆய்ந்தனர். கிழமைதோறும் சிற்றளவு 'ஏ' உயிர்ச்சத்துப் பெற்ற குழந்தைகளிடை இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. 1990இல் வெளிவந்த முடிவு இது. ஆனால் உத்தரப்பிரதேசத்தில் பத்து நூறாயிரம் குழந்தைகளிடை, ஆறு திங்களுக்கு ஒருமுறை பேரளவு கொடுத்து நடத்திய ஆய்வில் இறப்பு ஏறத்தாழ 4 விழுக்காடே குறைந்தது என்று 2013இல் வெளிவந்தது; அது தற்செயலாகவும் இருக்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடை நடந்த ஆய்வில், 'ஏ' உயிர்ச்சத்தின் முன்பொருளாகிய பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்தது என்று 1994இல் அறிவித்தனர். அமெரிக்காவில் 25,871 பேரிடை நடந்து 2018இல் முடிவு வெளிவந்த ஆய்வில், 'டி' உயிர்ச்சத்து மாத்திரை புற்றுநோயையோ நெஞ்சாங்குலை நோயையோ குறைக்கவில்லை. கொரோனா நோயாளர் 214 பேர்க்கு 'சி' உயிர்ச்சத்தும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்ததில், நோய்க்குறிகள் குறிப்பிடத்தக்க அளவு விரைவில் நீங்கவில்லை என்று 2021இல் எழுதினர்.

ஊட்டம் வற்றிய குழந்தைக்கு உயிர் கொடுக்கும் சத்து, வயிறு நிறைந்தவனுக்கு வீண் செலவாகலாம்; புகைப்பவனுக்குக் கேடாகவும் ஆகலாம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்னும் வினாக்களைக் கேளாமல் மருந்து என்று ஒன்று இல்லை. இவ் வினாக்களை மாத்திரைக்காரனிடமும் கேட்போம், மூலிகைக்காரனிடமும் கேட்போம்.

செய்ய வேண்டுவன

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. தாம்பரத்தில் 2005 முதல் தேசிய நிறுவனம் உள்ளது. சென்னையில் நடுவணரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் உள்ளது. ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. தமிழில் பிறந்த மருத்துவத்தைப் பற்றிய முடிவைத் தமிழில் படிக்க இயலாமை நமக்குப் பெரும் இழுக்காகும். ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழில் ஒரு சுருக்கம் வெளியிடுக என்று அரசை நெருக்குவோம். பயன் உண்டு என்னும் முடிவைப் போலவே பயன் இல்லை என்னும் முடிவும் அதில் மறையாது வரல் வேண்டும். கீழாநெல்லியை, செடியினமும் மண்ணும் பருவமும் அளவும் குறித்து, போதிய தொகையினரிடை, இன்றைய மருந்துகளை நிறுத்தாமலே மீண்டும் ஆய்க என்று கேட்போம். ஆய்வில் வென்றால் உலகுக்குக் கொடுப்போம். தோற்றால் அஞ்சாமல் ஒப்புக்கொண்டு அடுத்த இலைக்குச் செல்வோம். அதனால் தமிழ் தாழ்ந்துவிடாது.

நம் இயக்கத் தோழர்க்கு ஒரு சொல். மேடையில் எந்த மருந்தையும் எல்லா நோய்க்கும் மருந்து என்று பேசுதலை விட்டொழிப்போம். கண் மஞ்சளித்து வருபவரிடம், முதலில் குருதியை ஆய்ந்து எவ்வகைக் காமாலை என்று அறிந்து வருமாறு சொல்வோம். 'பி' வகைக்கு நச்சுயிரியை அடக்கிவைக்கும் மருந்து உண்டு. 2018இல் தொடங்கிய ஈரலழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆய்வும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் உண்டு.

அக் கடல்தொழிலாளர் மகன் அண்மையில் என்னைக் காண வந்தான். தன் குழந்தைக்குப் பிறந்த அன்றே அவ்வூசி போடப்பெற்றதைச் சொன்னான். சற்றுப் பொறுத்து, "ஐயா, அப்பாவுக்குக் கீழாநெல்லி கேட்டிருக்குமா?" என்றான். இம்முறை, தெரியவில்லை தம்பி என்றேன். உண்மையான விடை அஃதே. ஆயினும் அந்த விடையோடு ஓர் இனம் அமைதி கொள்ளுதல் தகாது. அவன் மகன் வளர்ந்து கேட்கும் நாளில், கேட்கும் என்றோ கேட்காது என்றோ அளந்து அறிந்த விடையைத் தூய தமிழில் எழுதி அவன் கையில் கொடுப்போம். அதுவே நம் மருத்துவத்துக்கும் மொழிக்கும் நாம் செய்யும் தொண்டு!